கரோல் பாகில் ஒரு பச்சைச் சேலை

மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்திராணிக்கு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. போலீசுக்கு உதவத் தன்னார்வலர்கள் தேவை என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தார். ஒரு மஞ்சள் ஜாக்கெட்டும் விசிலும் கிடைத்தன. டெல்லி கரோல் பாக் கடைத்தெருப் போலீஸ் பூத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கிடைத்தது. ஏட்டு சத்பீர் நல்ல மனிதர்தான். ஆனால் எதைச் செய்ய எழுந்தாலும், "பைட்டியே மேடம்ஜி" என்று உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிடுவார். மதுரைக்காரியான இந்திராணிக்கு அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். முகமெல்லாம் வியர்வையாக ஒரு இளைஞன் பூத்துக்கு ஓடி வந்து, சத்பீரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்திராணிக்கு விளங்கியது.

"என்னப்பா, யாரைக் காணோம்?"

தமிழைக் கேட்டதும் அவனுக்கு உயிர் வந்தது. "என்ற சம்சாரத்தக் காணோமுங்கம்மா! கோபிச்செட்டிபாளையத்துலருந்து சுத்திப் பாக்க வந்தமுங்க. ரெண்டு போனும் அவ பையிலதான் இருக்குது. ஒரு கடைக்காரருகிட்ட போன் வாங்கிக் கூப்புட்டேன், அடிக்குது, எடுக்க மாட்டேங்கறா."

அவன் பெயர் மதியழகன். மனைவி கவிப்ரியா, பச்சைச் சேலை. சத்பீர் மைக்கில் இந்தியில் அறிவித்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் தேடப் போனார்கள். பச்சைச் சேலைகள் நிறையவே இருந்தன. ஒருத்தியும் கவிப்ரியா இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு இந்தி தெரியுமா?" என்று கேட்டார் இந்திராணி.

"ஒரு அச்சா மட்டும் தெரியுமுங்க."

இந்திராணி இந்த முறை யார் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. சத்பீர் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"கோபிச்செட்டிபாளையம் கவிப்ரியா! எங்கம்மா இருக்க? உன் வீட்டுக்காரர் போலீஸ் பூத்துல தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு நிக்கிறாரு. ஜல்தி வா!"

"நான் அழுவலீங்களே!" என்றான் மதியழகன் பதறி.

"பேசாம இருப்பா. காணோம்னு சொன்னா மெதுவா வருவா. நீ அழுகுறேன்னு சொன்னா ஓடி வருவா."

முதலில் வந்தவர்கள் வேறு ஆட்கள். விடுமுறையில் கடைக்கு வந்த ராணுவக்காரர் ராஜவேல், "யாரு அழுவுறது? எந்த ஊரு?" என்று விசாரித்தார். மாமியாரும் மருமகளுமாக ஒரு குடும்பம், ஆறுதல் சொல்ல முறுக்குப் பொட்டலத்தோடு வந்து நின்றது. பூத்தைச் சுற்றி ஒரே தமிழ்க் கூட்டம். சத்பீர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஆரஞ்சு நிறச் சுடிதார் போட்ட ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். மதியழகன் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, நான் இங்கதான் நிக்கறேன்!"

அவன் திரும்பினான். "கவி! சேலை எங்க?"

"டெல்லிக்கு வந்து சுடிதார் போடாமப் போறதான்னு, வாங்குன கடையிலயே மாத்திக்கிட்டேன். உங்களுக்குக் காட்டலாம்னு வெளிய வந்தா நீங்க இல்ல. இந்தச் சத்தத்துல பையில போன் அடிச்சதும் கேக்கல. இந்தப் பூத்த ரெண்டு வாட்டி தாண்டிப் போனேன், என்னைப் பாத்தீங்களா நீங்க? தொலைஞ்சது நானில்லீங்க, நீங்கதான்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மொழி புரியாமலே சத்பீரும் சிரித்தார். மதியழகன் அசடு வழிய, "நல்லாத்தான் இருக்குது" என்றான். அப்போதுதான் அவன் கண் நிஜமாகவே கலங்கியது. அதைப் பார்த்த கவிப்ரியா, திட்ட வேண்டிய பாக்கியை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் மெட்ரோ பக்கம் போனதும் இந்திராணி மைக்கைத் திருப்பி நீட்டினார். சத்பீர் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே வெச்சுக்குங்க மேடம்ஜி" என்றார் இந்தியில். "நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்."