நாற்பது ஆட்டம், மறுபடியும்

மன்னார்குடி சதுரங்கப் பயிற்சி நிலையத்தில் இரண்டு செஸ் புரோகிராம்கள் மோதிய நாற்பது ஆட்டங்களும் முடிந்தபோது காலை மணி பதினொன்று. ஹரிஷின் புரோகிராமுக்கு முப்பத்திரண்டு புள்ளி. வானதியின் புரோகிராமுக்கு எட்டு.

வானதி பத்தாம் வகுப்போடு நின்றவள். அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த இலவச லேப்டாப்பில், மூன்று வருடமாக யாருக்கும் தெரியாமல் அந்தச் செஸ் புரோகிராமை எழுதியிருந்தாள். நிலையத்துப் பிள்ளைகள் எதிர்த்து ஆடிப் பழக ஒரு புரோகிராம் வேண்டும், ஜெயிக்கிற புரோகிராமை எழுதியவருக்கே அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று செயலாளர் தியாகராசன் அறிவித்திருந்தார். அது கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை அவள் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும்.

"பாரபட்சம் கிடையாது, பாத்தியாம்மா? ஒரே கம்ப்யூட்டர், ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம்," என்றார் தியாகராசன். சம்பாவுக்குச் சம்பா தன் வயலில் இரண்டு ரக நெல்லைப் பக்கம் பக்கமாகப் போட்டு, எது தேறுகிறது என்று பார்ப்பவர் அவர். போட்டியையும் அப்படித்தான் வைத்திருந்தார்.

வானதி தலையாட்டினாள். வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று நினைத்துக்கொண்டே லேப்டாப்பை மூடினாள்.

"சார், ஒரு நிமிஷம்," என்றான் ஹரிஷ். தஞ்சாவூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறவன். "என்னுது மொத பன்னெண்டு மூவையும் யோசிக்காமலே வச்சுச்சு, கவனிச்சீங்களா? அது ஓப்பனிங் புக். பெரிய ஆளுங்க ஆடின ஆரம்பத்தையெல்லாம் சேத்து வச்ச ஃபைல். இந்தப் பொண்ணோட புரோகிராம்ல அது இல்ல. மொத மூவுலேருந்தே தானா யோசிச்சு, இருக்கற நிமிஷத்தைத் தொலைக்குது."

"மனப்பாடமும் தெறமைதானே தம்பி?"

"யாரோட தெறமை சார்? நெட்லேருந்து எறக்கினது."

"உனக்கு நீயே ஆப்பு வச்சுக்கறியே!" என்று சிரித்தார் தியாகராசன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. "ஒரே கம்ப்யூட்டர், ஒரே நேரம். அப்பறம் என்ன குறை?"

வானதி ஓர் அடி முன்னால் வந்தாள். இப்போது பேசாவிட்டால் ஹரிஷ் சொன்னதும் வீணாகிவிடும்.

"சார்... நீங்க ஒரு வெதைய நாத்து விட்டு நடுறீங்க. இன்னொண்ண, அந்த நாத்தை நடுற அன்னைக்கே நேரா வெதைக்கிறீங்க. ரெண்டையும் ஒரே நாள்ல அறுத்துப் பாத்தா, எந்த வெதை நல்லதுன்னு தெரியுமா?"

தியாகராசன் அவள் பக்கம் திரும்பினார். "என் வயலுக்குள்ளயே எறங்கிட்டியே," என்றார். "சரி, புக்கைத் தூக்கிடுப்பா. மறுபடியும் ஆட விடுவோம்."

"வெறுமன தூக்கினாலும் ஆகாது சார். ஒரே ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடினாலும் ஆடும்," என்றான் ஹரிஷ். "இருபது விதமான ஆரம்பத்தை நீங்களே எடுத்துக் குடுங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை ஆடட்டும், வெள்ளை கறுப்பு மாத்தி."

"தண்ணி மொதல்ல வர்ற மேல்மடையில ஒரு தரம், கடைசியா வர்ற கடைமடையில ஒரு தரம். அப்புடிச் சொல்லு!" என்று தியாகராசன் அலமாரியிலிருந்த ஆட்டக் குறிப்புகளை எடுத்தார்.

வானதியால் திரையைப் பார்க்க முடியவில்லை. வராந்தாவில் போய் நின்றுகொண்டாள். ஒன்றரை மணிக்குத் தியாகராசன் கூப்பிட்டார்.

"இருபத்தேழு, பதிமூணு. உன்னுதுதாம்மா இருபத்தேழு. திங்கக்கெழம வந்துடு."

"புக்கு இல்லன்னா என்னுது இவ்ளோ மக்கா?" என்று ஹரிஷ் தன் தலையிலேயே தட்டிக்கொண்டு பையை மாட்டினான்.

அவனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது, அவன் தெருமுனை தாண்டும்போதுதான் வானதிக்கு உறைத்தது. ஓடினாள்.

"அண்ணா!" அவ்வளவு சத்தமாகத் தான் யாரையும் கூப்பிட்டதாக அவளுக்கு நினைவில்லை. "நீங்க சொல்லலன்னா இன்னைக்கே அழிச்சிருப்பேன்ணா. அது மட்டம்னே கடைசி வரைக்கும் நெனச்சிருப்பேன்."

"எனக்கும் என்னுது எவ்ளோ தேறும்னு தெரியணும்ல? தெரிஞ்சுபோச்சு," என்றான். "அழற மாதிரி மொகத்த வச்சுக்காத. திருத்தி எடுத்துட்டு வந்து ஒரு நாள் மோத விடறேன்."

"வாங்கண்ணா," என்றாள். அவன் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி, அது கண்ணுக்கு மறையும்வரை நடுத்தெருவில் கும்பிட்ட கையோடு நின்றாள்.