பாஸ்பேட் தொட்டியின் மேல் வந்த பழி

ஞானதுரை அண்ணாச்சி போன் செய்தபோது முத்துசெல்வி தென்காசிப் பட்டறையில் பாஸ்பேட் தொட்டியின் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றாலத்தில் அவருடைய லாட்ஜுக்குச் செய்துகொடுத்த பால்கனிக் கிராதிகளில் பெயிண்ட் உரிந்து துரு தெரிகிறதாம். சாரல் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

கணவன் பாண்டியராஜ் உடனே பைக்கை வெளியே எடுத்தான். அவளுக்குப் பயமாக இருந்தது. மஸ்கட் வேலையை விட்டு வந்து பட்டறை போட்டவனிடம், இரும்பைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிப்பதை நிறுத்தச் சொன்னவள் அவள்தான். பாஸ்பேட் தொட்டியில் முக்கியெடுத்தால் படிகிற சாம்பல் நிறப் பூச்சு பெயிண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், குற்றாலத்து ஈரத்திலும் துருவை அண்டவிடாது என்று கெமிஸ்ட்ரி படித்த தைரியத்தில் சொன்னாள். இந்த ஆர்டர் சரிவராவிட்டால் மறுபடி மஸ்கட் வருவதாக ஏஜென்ட்டிடம் அவன் சொல்லிவைத்திருந்தான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது பதினோரு மாதம்.

பைக்கில் போகும்போது, அமிலம் கூடிவிட்டதா, அலசியது போதவில்லையா என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, சீசனுக்கு வருகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கிற இடமாயிற்றே என்று மட்டும் வருத்தப்பட்டார்.

முப்பதில் ஆறு கிராதிகள்தான் கெட்டிருந்தன. அவற்றிலும் இரண்டு ஓரங்களில் மட்டும். முத்துசெல்வி நடுக்கம்பியைச் சாவியால் கீறிப் பார்த்தாள். பெயிண்ட் அசையவில்லை. ஓரத்தில் நகம் பட்டதும் தோல் போல உரிந்து வந்தது. தொட்டி மோசமென்றால் எல்லா இடமும் அல்லவா உரிய வேண்டும்? உரிந்த இடத்தைப் பிடித்துப் பார்த்தாள். சரியாக ஒரு கை அகலம்.

"பூச்சு காஞ்சப்புறம் இந்த ஆறையும் பெயிண்டுக்குத் தூக்குனது யாரு, அத்தான்?"

பாண்டியராஜ் தலையைச் சொறிந்தான். அவற்றைத் தூக்கிய அன்று சனிக்கிழமை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேரே பட்டறைக்கு வந்திருந்தான். மழை கட்டியிருந்ததால், ஆட்கள் கையுறை மாட்டி வருவதற்குள் அவனே அவசரமாகத் தூக்கி உள்ளே வைத்திருந்தான்.

"குளிச்சிட்டுத்தானட்டி வந்தேன்."

"அருவில சோப்பு போட விடுதாங்களா? எண்ணெ எங்கன போவும்? அது பட்ட எடத்துல பெயிண்டு பிடிக்குமா? அன்னைக்குத் தலகாணி உறையவே ஊறப் போட்டுத் தொவச்சேன்."

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். இரண்டு நாளில் ஆறையும் கழற்றிப்போய்ப் பழைய பெயிண்டை எடுத்து, மறுபடி தொட்டியில் இறக்கி அடித்துத் தருவதாக முத்துசெல்வி சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

பாண்டியராஜ் பால்கனியின் மறுகோடிக்குப் போய் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டான். தகரக்கூரையில் சாரல் விழும் சத்தத்தில் எதிர்முனைக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும்.

"வரலன்னு சொல்லுதேன். இந்த மாசம் இல்ல, எப்பவுமே வரல."

இரண்டாவது தடவை இன்னும் சத்தமாகச் சொன்னான். கழற்ற வேண்டிய கிராதிகளுக்குச் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டிருந்த முத்துசெல்வி, நல்லதாக இருந்த ஏழாவதிலும் போட்டுவிட்டு, முந்தானையால் அழித்தாள்.