பதினைந்து நிமிடம் ஆறட்டும்

தண்ணீர் கேனை நீட்டி பெட்ரோல் கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: கிடையாது. காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லி சாலையோரம் இருக்கிற பங்க்கில் பதினோரு வருடமாகப் பகல் ஷிப்ட் பார்க்கிறேன். ஸ்டெஃபிக்கு வாய் நீளம் என்று கூட வேலை செய்கிறவர்களே சொல்வார்கள். உண்மைதான். பெட்ரோல் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்க வெட்கப்படுகிறவளுக்கு அங்கே என்ன வேலை?

ஒரு புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் மதியம் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் விரித்திருந்த ரப்பர் பாயின் மேல் இருபது லிட்டர் தண்ணீர் கேன். எங்கள் பக்கம் எந்த வீட்டில் பார்த்தாலும் இரண்டு கேன் கிடக்கும். எதைப் பிடிக்கவேண்டும் என்றாலும் அதுதான் கைக்கு வரும். மூடிக்குப் பதில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

“அக்கா, அஞ்சு லிட்டரு. ஜெனரேட்டருக்கு,” என்றான் ஓட்டி வந்தவன்.

“இதுலயா? தர மாட்டேன்.”

“நேத்து வேற பங்க்ல குடுத்தாங்களே!”

“அப்ப அங்கயே போ.”

“அங்க ஸ்டாக் இல்லக்கா. எங்க அத்தாவுக்கு நுரையீரல் வீக்கு, ஆக்சிஜன் மிஷின்ல கீறாரு. ஜெனரேட்டர் நின்னா மிஷினும் நின்னுடும். தலைக்கு மேல வெள்ளம் போய்கினு கீது, இதுல சாண் இன்னா, மொழம் இன்னா? ஊத்துக்கா!”

பெயர் சாஹில். இருபத்தைந்து வயதிருக்கும். இரண்டு நாளாகத் தூங்காத கண். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பாவம் பார்க்கலாம், பெட்ரோல் பார்க்குமா? அந்தக் கேன் இறுக மூடாது. வண்டி குலுங்கினால் ஆவி வெளியே வந்து தரையோடு தரையாக ஊர்ந்து போகும், கண்ணுக்கும் தெரியாது. எங்கேயாவது ஓர் அடுப்பு எரிந்தால் போதும்.

அவசரத்துக்கென்று முதலாளி ஆபீசில் ஐந்து லிட்டர் இரும்பு கேன் ஒன்று வைத்திருந்தார். திருகு மூடி, உள்ளே வாஷர். அவருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு அதை எடுத்து வந்தேன். சாஹில் அதை வாங்கி வண்டியின் பின்னால் வைத்தான்.

“கீழ எறக்கு. தரையில வெச்சாத்தான் ஊத்துவேன்.”

“ஏங்க்கா இம்சை பண்ற?”

“ரப்பர் பாய் மேல வெச்சு ஊத்துனா கேன்ல கரண்டு சேரும். ஒரு பொறி வந்தா நீயும் இல்ல, நானும் இல்ல. எறக்கு.”

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான். குழாய் முனையைக் கேன் வாயில் தொட்டபடி வைத்து மெதுவாகப் பிடித்தேன். சூட்டில் பெட்ரோல் விரிய இடம் வேண்டும் என்று நாலரை லிட்டரில் நிறுத்தினேன். மூடியை இறுக்கி, கேனை நிமிர்த்தி வைத்து, வண்டிக் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டவும் வைத்தேன். அதற்குள் என் ஷிப்ட் முடிந்திருந்தது. கேனைத் திரும்பக் கொண்டுவருவது என் பொறுப்பு என்று சொல்லி நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அது சாக்கு. வீட்டில் அவன் எப்படி ஊற்றுவான் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஏறினேன்.

வீடு நான்கு தெரு தள்ளி. ஜெனரேட்டர் வெளியே தகரக் கூரைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை புத்திசாலிகள். ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே போனது. உள்ளே கட்டிலில் அவன் அப்பா பஷீருதீன் பாய் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூக்கில் டியூப். விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி தொண்ணூற்று மூன்று காட்டியது.

சாஹில் புனலோடு ஓடி வந்தான். நான் கேனை விடவில்லை.

“மொதல்ல ஆஃப் பண்ணு. பதினஞ்சு நிமிஷம் ஆறட்டும். அப்புறம் ஊத்தலாம்.”

“ஆஃப் பண்ணா அத்தா இன்னா பண்ணுவாரு? நேத்தும் ஓடிகினு கீறப்பவேதான் ஊத்துனேன். இன்னா ஆயிடுச்சு?”

அங்கிருந்த வாளித் தண்ணீரில் விரலை நனைத்து சைலன்சர் மேல் உதறினேன். ஸ்ஸ் என்று பொரிந்து மறைந்தது.

“இது தண்ணி. பெட்ரோலு சிந்துனா இன்னா ஆவும்னு நீயே சொல்லு. ஜன்னலுக்கு அந்தாண்ட ஆக்சிஜன் வேற கீது.”

அவன் அம்மா ஜரினா வாசலுக்கு வந்தார். “ஆக்சிஜன் சிலிண்டரும் நேத்தே காலிம்மா. ஓடட்டும், பாத்து ஊத்திக்கலாம்.”

“பாய் குளிக்கறப்ப டியூபக் கழட்டுவாராம்மா?”

“கழட்டுவாரு. பத்து நிமிஷம். அதுக்கு மேல போனா மூச்சு வாங்கும்.”

“பத்து தாங்கறவரு இன்னும் அஞ்சு தாங்குவாரு,” என்றேன். நான் டாக்டர் இல்லை. இருந்தும் என் குரலில் ஒரு பிசிறு இல்லை.

உள்ளேயிருந்து பாய் கை தட்டிக் கூப்பிட்டார். “இன்னாடா பஞ்சாயத்து? டேங்க் காலியாயி அதுவா நின்னா, நேரம் நம்ம கையில இல்ல. நாமளா நிறுத்துனா பதினஞ்சு நிமிஷம்தான். நிறுத்துடா.”

யாரும் அசையவில்லை. அவரே எட்டி ஆக்சிஜன் மிஷினின் சுவிட்சை அணைத்தார். வேறு வழியில்லாமல் சாஹில் ஜெனரேட்டரை நிறுத்தினான்.

ஜன்னல் வழியாக அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது நிமிடம் தொண்ணூறு. ஏழாவது நிமிடம் எண்பத்தெட்டு. பத்தாவது நிமிடம் எண்பத்தைந்துக்கு வந்து நின்றபோது பாயின் உதடு கறுத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை ஏறி இறங்கியது. சாஹில் கத்திக்கொண்டே வெளியே வந்து கேனின் கைப்பிடியைப் பிடித்தான்.

“போதும், ஆறிடுச்சு! குடு!”

மறுபடியும் விரலை நனைத்து உதறினேன். இன்னும் பொரிந்தது. அவன் இழுத்தான், நானும் இழுத்தேன். “பதறாத காரியம் சிதறாதுடா,” என்றேன். அந்த நேரத்தில் பழமொழி சொல்கிற என் வாயை எனக்கே பிடிக்கவில்லை. ஜரினா வேகமாக வந்தார். என்னை அறையத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் மகனின் விரல்களை ஒவ்வொன்றாகக் கேனிலிருந்து பிரித்தார்.

“அவரு மூச்சு வாங்கறத நான் பாத்துக்கறேன். நீ எரியறத என்னால பாக்க முடியாது. உக்காரு.”

அவன் படியில் உட்கார்ந்து அழுதான். ஜரினா உள்ளே போய்க் கணவரை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, “மெதுவா ஊதுங்க, மெதுவா,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பதினைந்தாவது நிமிடம் உதறிய துளி, துளியாகவே சைலன்சர் மேல் நின்றது. புனல் வைத்து ஊற்றினேன். டேங்க் மூடியைத் திருகி, சுற்றியும் துடைத்து, கேனை மூடிக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். சாஹில் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தான். பிடிக்கவில்லை. இரண்டாவது முறையும் பிடிக்கவில்லை. இந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் நான்தான் காரணம். மூன்றாவது இழுப்பில் ஓடியது. உள்ளே ஜரினா ஆக்சிஜன் மிஷினின் சுவிட்சைப் போட்டார்.

எண்பத்தேழு, எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று.

“திரும்ப எப்ப ஊத்தணும்?” என்று கேட்டார் ஜரினா.

“எட்டு மணிக்கு. கரண்ட் வரலன்னா நானே கொண்டாறேன். திரும்பவும் பதினஞ்சு நிமிஷம் நிறுத்தணும்.”

ஜரினா கணவரைப் பார்த்தார். பாய் சிரிக்கப் பார்த்தார்; இருமல்தான் வந்தது. அது அடங்கியதும் மகனைப் பார்த்து, “எட்டு மணிக்கு நீ கத்தக்கூடாது,” என்றார்.

வெளியே வந்து கேனைத் தூக்கினேன். சாஹில் வந்து அதை வாங்கி வண்டியில் நிமிர்த்தி வைத்தான். நான் எதுவும் சொல்லாமலே கயிற்றை எடுத்துக் கட்டத் தொடங்கினான்.