பென்கோ சொல்லாமல் வைத்திருந்தது

பல்கேரியாவின் விரத்ஸா நகரத்துப் பஸ் ஓட்டுநர் பென்கோவுக்குச் சிறுநீரகம் நலிந்து இரண்டாண்டாகிறது. இப்போது உடம்பெல்லாம் அரிப்பு. ரத்தப் பரிசோதனையில் அழற்சியின் அளவு வேறு ஏறியிருந்தது. தொற்று எதுவும் தென்படவில்லை.

“மலம் ஒழுங்காப் போகுதா?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதும் அவன் ஜன்னலைப் பார்த்தான்.

“அஞ்சு நாளாச்சு.”

“குடல்ல தேங்குனா நஞ்சு ஊறி ரத்தத்துல கலக்கும். அதை வடிகட்ட உங்க சிறுநீரகத்துக்குத் தெம்பில்ல. காய்கறி சாப்பிடறதில்லையா?”

நலிந்த சிறுநீரகத்துக்கு ஆகாத பொட்டாசியம் இருக்குமென்று பயந்து காய்கறியை அறவே நிறுத்தியிருந்த மனைவி ஸ்வெத்தானா, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அழுதேவிட்டாள். “நானே உனக்கு நஞ்சு வெச்சுட்டேனே!”

“அடி பைத்தியமே, வெட்கப்பட்டு வாய மூடிக்கிட்டவன் நான்,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான் பென்கோ.

டாக்டரம்மா சொன்னபடி ஸ்வெத்தானா முட்டைக்கோஸை வேகவைத்து, பொட்டாசியம் குறையத் தண்ணீரை வடித்துவிட்டுக் கொடுத்தாள். நான்காம் நாள் காலை கழிப்பறையிலிருந்து, “ஸ்வெத்தானா, ஆச்சுடி!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். அந்த மாதத்துக்குள் அரிப்பும் தணிந்து, நிம்மதியாகத் தூங்கினான்.