ரிப்பீட்டருக்கு ஆயுத பூஜை

விஜயதசமி காலையில் மாதங்கி டீச்சருக்கு முதல் எரிச்சல் பத்ரியிடமிருந்து வந்தது. வாடிப்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் போன் அடித்தது.

“மாதங்கி, அனலைசர் இங்க என்கிட்டதான் இருக்கு பாத்துக்கோ. உனக்கு வேணுமா?”

“வேணுமாவா? நேத்தே கொண்டாந்து குடுங்கன்னு சொன்னேனே சார்.”

“மொட்டை மாடி ஆன்டெனாவை ஒருக்கா செக் பண்ணிடலாம்னு எடுத்துண்டு வந்தேன். நேரா மில்லுக்கே கார்ல கொண்டு வந்துடறேன். என்ன, ராகு காலம் முடியணும். பூஜை போட்ட வண்டியை அதுக்குள்ள எடுக்கக்கூடாதுன்னு ராஜஸ்ரீ சொல்லிட்டா.”

“ராகு காலம் முடிஞ்ச உடனே எனக்கு அங்க டெமோ இருக்கு சார்.”

“டெக்னிக்கலா பாத்தா டெமோவுக்கு அனலைசர் தேவையே இல்லையே. எல்லாம் ட்யூன் ஆகித்தானே இருக்கு?”

ட்யூனிங்கை அளந்து காட்டுகிற கருவியே இல்லாமல் போகிறோமே என்று முனகிக்கொண்டு அவள் போனை வைத்தாள். பத்ரி அவர்களுடைய ரேடியோ கிளப்பின் தலைவர். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், எஸ்.எஸ். காலனி மொட்டை மாடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து உலகத்தோடு பேசுகிறவர். வாடிப்பட்டி மில்லின் இரும்புப் படியில் அவர் கால் வைத்ததே இல்லை. மனைவி ராஜஸ்ரீ வைக்கவிடவில்லை என்பார். கிளப்பில் முப்பது பேர் இருந்தார்கள். அந்தப் படி ஏறியவர்கள் மாதங்கியும், கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் சூரியபிரகாஷும் மட்டும்தான். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் கட்டை விரல் காட்டுவார்கள்.

அந்த மில்லின் உச்சியில் இருந்தது அவர்களுடைய ரிப்பீட்டர். கையில் வைத்துப் பேசும் சின்ன ரேடியோ செட்டுக்குத் தூரம் எட்டாது. கப்பலூரிலிருந்து பேசினால் அழகர்கோவிலில் இருப்பவனுக்குக் கேட்காது. நடுவில் உயரமான இடத்தில் ஒரு மெஷினை வைத்தால், அது மெலிந்த குரலைக் கேட்டு, கேட்ட கையோடு பத்து மடங்கு சத்தமாகத் திருப்பிச் சொல்லும். மழைக்காலத்தில் கரண்ட் போய், செல்போன் டவரும் படுத்துக்கொண்டால் ஊருக்குப் பேச்சு இதில்தான் ஓடும் என்று மாதங்கி நம்பினாள். நம்பி நாலு வருஷம் உழைத்தாள். காலேஜ் மாடி, கல்யாண மண்டப மாடி, தண்ணீர்த் தொட்டி என்று கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். வெள்ளைத்துரை ஒருத்தர்தான் தன் நெல் மில்லில், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் கோபுரத்தின் தலையில் இருந்த ரூமைத் திறந்துவிட்டார். ஏன் கொடுத்தார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூட டீச்சர் வந்து கேட்கிறாளே என்று கொடுத்திருக்கலாம்.

கொடுத்த புண்ணியவானுக்கு அது பேசி ஒரு தடவையாவது கேட்க வாய்க்கவில்லை. தவிட்டுத் தூசி ஏறி ஃபேன் நின்று ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. சரி பண்ணி முடித்த வாரமே இடி இறங்கியது. அவர் எப்போது மேலே வந்து எட்டிப் பார்த்தாலும் மாதங்கி ஏதாவது ஒன்றைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருப்பாள். “டெஸ்டிங் சார்” என்பாள். போன மாதம் அவர் படியிலேயே நின்று பேசினார்.

“டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. என் மச்சினன் காளை இந்த ரூமைக் கேமரா கண்ட்ரோலுக்குக் கேக்குறான். நானும் எம்புட்டு நாளைக்குத்தான் டெஸ்டிங்குன்னு பதில் சொல்றது? விஜயதசமி அன்னைக்கு நல்ல நேரத்துல மில்ல ஓட்டுவோம். அன்னைக்குப் பேசிக் காட்டுங்க. பேசுச்சுன்னா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா எறக்கிருங்க.”

இறக்கினால் ஏற்ற இன்னொரு இடம் கிடையாது. இன்னொரு நாலு வருஷத்துக்கு அவளிடம் தெம்பும் கிடையாது. அதனால் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்து, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். சூரியபிரகாஷ் கப்பலூர்ப் பட்டறை வாசலில் நின்று பேசியது பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போலக் கணீரென்று வந்தது. ரூமைப் பூட்டிச் சாவியை மில் ஆபீஸில் கொடுத்துவிட்டு, அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி மில்லுக்குள் போனபோது பொரியும் சுண்டலுமாக வாசமடித்தது. பாய்லர், பாலிஷர், எடை மெஷின், லாரி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டும் மாலையும். நேற்று பூஜைக்கு நிறுத்திய மில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு தவிடு வழுக்கும் இரும்புப் படியில் ஏறி, கதவைத் திறந்தாள்.

ரூம் பளபளவென்று இருந்தது. தரை கூட்டி மெழுகியிருந்தது. ரிப்பீட்டர் பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். அதன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஆறு செம்புக் குடுவைகளும் புளி போட்டுத் தேய்த்துப் புதுக் கல்யாணப் பாத்திரம் போல மின்னின. ஆறுக்கும் சேர்த்து ஒரே செவ்வந்தி மாலை, நூல் பிடித்த மாதிரி நேராக.

அந்த நேர்க்கோட்டைப் பார்த்ததும் அவள் பையைக் கதவோரம் போட்டுவிட்டுக் குடுவைகளிடம் ஓடினாள்.

ரிப்பீட்டருக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரே ஆன்டெனாவில் கேட்கவும் வேண்டும், அதே நேரத்தில் கத்தவும் வேண்டும். தான் போடும் கத்தலில் தன் காதே அடைத்துப்போகாமல் தடுப்பதற்குத்தான் அந்த ஆறு குடுவைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை மயிரிழை ஏற்றி, மயிரிழை இறக்கி, சரியான உயரத்தில் நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். ஒன்று போல இன்னொன்று நிற்காது. ஒன்று விரல் நீளம், ஒன்று அரை விரல், அப்படித்தான் நிற்க வேண்டும். இப்போது ஆறும் அசெம்பிளியில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. மாலை அழகாக உட்கார்வதற்காக எவனோ நட்டைத் தளர்த்தி, கம்பிகளைத் தட்டிச் சமமாக்கி, மறுபடி இறுக்கியிருக்கிறான். அதுவும் சும்மா இறுக்கவில்லை, ஸ்பானர் போட்டு.

அவள் மாலையை அள்ளி மூலையில் போட்டாள். பெரிய ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, சின்ன பவரில் மெஷினை ஓட்டினாள். கப்பலூருக்குப் போன் போட்டாள்.

“சூர்யா, ட்யூனிங் மொத்தமும் போச்சு. காதால கேட்டுத்தான் வைக்கப் போறேன். நீ செட்ல பேசிக்கிட்டே இரு, நிறுத்தாத.”

“என்ன பேச டீச்சர்?”

“எதையாவது பேசு.”

அவன் பேசினான். நேற்றுப் பட்டறையில் பூஜை போட்டதையும், சுண்டலில் உப்பு கூடிப்போனதையும் சொன்னான். அவளுக்கு வந்ததெல்லாம் கர்ர் என்ற இரைச்சலும், நடுவில் “உப்பு” என்ற ஒரே ஒரு சொல்லும்தான். நட்டு அசையவில்லை. செம்பில் மிச்சமிருந்த சந்தனத்தில் விரல் வழுக்கியது. அனலைசர் இருந்தால் திரையைப் பார்த்துக்கொண்டே ஆறையும் ஒரு பிடியாய்ப் பிடித்துவிடலாம். அது எஸ்.எஸ். காலனியில், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தோடு ராகு காலம் முடியக் காத்துக்கொண்டிருந்த காருக்குள் உட்கார்ந்திருந்தது. தலைவர்மேல் வந்த கோபத்தில் அவள் இரண்டாவது குடுவையின் கம்பியைத் தேவைக்கு மேல் இழுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

இரண்டு குடுவை ஒருமாதிரி வழிக்கு வந்தபோது கீழே மில் ஓடத் தொடங்கி, ரூம் அதிர்ந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. நல்ல நேரம் வந்துவிட்டது. முன்னால் காளை ஏறி வந்தான், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சங்கிலியுமாக. பின்னால் வெள்ளைத்துரை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக.

“என்னம்மா, ரெடியா?” என்றார் வெள்ளைத்துரை. அவர் முகத்தில் ஏதோ ஆசையாக எதிர்பார்க்கிற சிரிப்பு இருந்தது. மூலையில் கிடந்த மாலையைப் பார்த்ததும் அது கொஞ்சம் குறைந்தது.

வேறு வழியில்லை. அவள் ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள். கையில் இருந்த செட்டை அவர் காதுக்கு நேராக நீட்டினாள். கப்பலூரிலிருந்து சூரியபிரகாஷ் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வரவேற்புரையைத் தொடங்கியிருப்பான். “வெள்ளை...” என்று ஒரு துண்டு வந்தது. பிறகு மெஷின் தன் குரலைத் தானே கேட்டுக் குழம்பி, தகரத்தில் ஆணியால் கீறுவது போல ஊளையிட்டது. அவள் அவசரமாக அணைத்தாள்.

காளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். “மச்சான், இதுக்கா நல்ல நேரம் பாத்தீங்க?”

அவளுக்குள் காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் உடைந்தது.

“யாரு சார் இதைத் தொட்டது? தெரியலைன்னா தொடக்கூடாதுன்னு ஒரு அறிவு வேண்டாமா? முந்தாநேத்து கணீர்னு பேசிச்சு சார். நாலு வருஷம். நாலு வருஷ வேலையை எவனோ மூளையில்லாதவன் ஸ்பானரை வச்சுச் சமமாக்கிட்டுப் போயிருக்கான். அந்த ஆளைக் கூப்பிடுங்க, நான் கேட்கறேன்.”

காளை சிரிப்பதை நிறுத்திவிட்டான். அவன் மெஷினைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்தான்.

“நாந்தாம்மா” என்றார் வெள்ளைத்துரை.

அவள் கையில் இருந்த செட்டை மெல்லத் தரையில் வைத்தாள்.

“பூசைக்கு முன்னாடி நாந்தான் வந்து விளக்கினேன். ஆள விட்டா தேச்ச மாதிரி இருக்காதுன்னு. கம்பியெல்லாம் ஏத்தமும் எறக்கமுமா நின்னுச்சு. மெஷின் ஆட்டத்துல நட்டு கழண்டு போச்சாக்கும்னு நெனச்சேன். என் மில்லுல ஒரு நட்டு லூசா நிக்க விடமாட்டேன். அதான் சமம் பண்ணி முறுக்கி விட்டேன்.” அவர் கம்பிகளைப் பார்த்தார். “அப்பிடி நிக்கிறதுதான் சரின்னு எனக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் டெஸ்டிங் என்றுதான் சொன்னாள்.

“சரி விடுங்க மச்சான்” என்றான் காளை. “ஆனது ஆச்சு. இன்னைக்கே கழட்டி எறக்கச் சொல்லிருவோம். கேமராக்காரன் நாளைக்கு வாரேன்னுருக்கான்.”

என்ன பேசினாலும் கெஞ்சலாகத்தான் வரும், திட்டின வாயால் கெஞ்ச அவளுக்குத் தெரியாது. எந்த ஒயரை முதலில் கழற்றுவது என்று கண் தானாகவே தேடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பத்ரி. எடுத்துத் தொலைத்தாள்.

“மாதங்கி, கார் கிளம்பியாச்சு. வழியில செட்டைப் போட்டுப் பாத்தா உன் ரிப்பீட்டர் ஊளையிடறதே? டெக்னிக்கலா பாத்தா உன் ஆன்டெனாலதான் ஏதோ...”

கட் பண்ணினாள். உன் ரிப்பீட்டர், உன் ஆன்டெனா. முப்பது பேரும் அப்படித்தான் சொல்வார்கள். கெட்டுப்போகிற நாளில் அது எப்போதும் அவளுடையதாகவே இருந்தது.

வெள்ளைத்துரை காளையின் பக்கம் திரும்பியிருந்தார்.

“எதைடா மாப்ள கழட்டச் சொல்லுற?”

“இதைத்தான். பேசலேல்ல. நீங்கதான சொன்னீங்க, பேசலேன்னா எறக்கணும்னு.”

“சொன்னேன். அது பேசத்தான் செஞ்சிருக்கு, நாந்தான் கெடுத்துப்புட்டேன். நான் கெடுத்ததுக்கு அவுகள எறங்கச் சொன்னா அது என்ன நாயம்?” அவர் குனிந்து மூலையில் கிடந்த மாலையை எடுத்து, தவிடு போகத் தட்டி, ரிப்பீட்டர் பெட்டியின் மேல் மட்டும் வைத்தார். “பொட்டு வச்சிருக்கேன், பாத்தேல்ல. நம்ம மெஷினுக்குத்தான பொட்டு வைப்போம்? ஊரான் மெஷினுக்கா வைப்போம்? உன் கேமராவக் கீழ ஆபீஸ்ல மாட்டிக்க, போ.”

போன வருஷமும் மாதங்கி இந்த மில்லில் ஆயுத பூஜைச் சுண்டல் சாப்பிட்டிருக்கிறாள். எடை மெஷினுக்கும் ஆபீஸ் ஸ்டேப்லருக்கும் கூடச் சந்தனம் இருந்தது. மேலே இந்த ரூமுக்கு ஒரு பூ வந்து சேரவில்லை, அவளும் அதைக் கவனிக்கவில்லை. இந்த வருஷம் முழங்கால் வலியோடு மனுஷர் புளியையும் சந்தனக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறி வந்து, ஒற்றை ஆளாய் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். அவளும் சூரியபிரகாஷும் தவிர இந்த மெஷினைத் தன்னுடையது என்று நினைத்துத் தொட்ட முதல் ஆள் அவர்தான். தொட்டு, ஆறு கம்பியையும் நாசமாக்கிவிட்டார். ஆத்திரப்படவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

காளை முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கினான். வெள்ளைத்துரை வேட்டி மடிப்பிலிருந்து ஸ்பானரை எடுத்தார்.

“இப்பச் சொல்லுங்க டீச்சரம்மா. எந்தக் கம்பி எம்புட்டு ஒசரம்? இப்பவே வச்சு முறுக்கிருவோம்.”

“அப்படிச் சட்டுனு சொல்ல முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் வைக்கணும். முதல்ல அந்த ஸ்பானரைக் கீழ வைங்க அண்ணே.”

அவர் வைக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.