தங்கமயிலின் நகக்கண்

1

வானமாமலை அண்ணாச்சிக்கு ஞானதுரை தர வேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். இந்தக் கதை பிறந்ததே அந்தக் கடனில்தான். [முதலில் ‘தாராவியில் அன்று அடைமழை’ என்று தொடங்கினான். மழையே பெய்யவில்லை. அந்த வரியை அடித்துவிட்டான்.] மூட்டை தூக்குகிற ஞானதுரை நாற்பத்தொரு வயதில் எழுத்துக் கற்றவன். இதை எழுதுகிறவனும் அவனே. ‘நான்’ என்று எழுதக் கை கூசுகிறது.

2

மனைவி தங்கமயில் மீன் கடையில் நாள் முழுக்க ஐஸில் கைவிடுகிறவள். அவள் விரல்கள் வெண்டைப்பிஞ்சு போல... [வேண்டாம். வெண்டைப்பிஞ்சு நீலமாகாது.] விரல்கள் முதலில் வெளுத்தன, பிறகு நீலமாயின, இப்போது தோலும் இறுகுகிறது. நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து லென்ஸில் பார்த்தால் மயிரிழை ரத்தக்குழாய்கள் தெரியும் என்றார் டாக்டர் ஸ்மிதா. அவை வீங்கியோ அழிந்தோ கிடந்தால் நோய் இன்னதென்று சொல்லலாம். நுரையீரலுக்குப் போகுமுன் மருந்து தொடங்கலாம்.

3

அந்தப் பரிசோதனைக்குப் பணம் அண்ணாச்சி கொடுத்தார். அவர் மருமகள் ஷர்மிளா பார்லர் வைத்திருக்கிறாள்.

“டாக்டரம்மா முன்னால இந்தக் கையோடயா போவீங்க, அக்கா?”

காசு வாங்காமல் நகத்தைச் சுற்றிய தோலைச் சுத்தமாக வெட்டி, சிவப்புப் பாலிஷும் போட்டாள். தங்கமயில் கல்யாணத்துக்குப் போவது போலப் போனாள். டாக்டர் பாலிஷைத் துடைத்துப் பார்த்தார். நகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டிய இடம் முழுக்க, தோலை வெட்டிய புண். தோல் வளர ஒரு மாதமாகும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று இந்தியில் சொன்னார். கட்டிய பணம் திரும்பவில்லை.

4

கதை எழுதுவது அண்ணாச்சி காதுக்கு எட்டியது.

“என் மருமவளக் கேவலமா எழுதுதியாமே? என்னய நல்லவனா எழுது. கணக்கு கல்லாஸ், முடிஞ்சுது.”

ஞானதுரை ஒரே மூச்சில் ஒரு பக்கம் எழுதி, மனைவிக்கு வாசித்துக் காட்டினான். அதில் அண்ணாச்சி வள்ளல்.*

“இதுல என் விரலு எங்க?” என்றாள் அவள். பிறகு, “அவரு வள்ளலாவே இருந்துட்டுப் போவட்டும். அடுத்த மாசத்துக்கும் ரூவா கேளுங்க.”

5

ஆகவே வாசகரே, அண்ணாச்சி வள்ளல். இந்த வரியை அவர் ஆள் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டபின், அடுத்த பரிசோதனைக்கும் சேர்த்துப் பணம் எண்ணிக் கொடுத்துவிட்டு, நோட்டில் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பதின் மேல் கோடு இழுத்தார்.

லென்ஸில் என்ன தெரியும்? இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது. உங்களிடம் ஒரு முடிவு இருந்தால் வைத்திருங்கள். நகத்தோல் வளர்ந்துகொண்டிருக்கிறது. யாரும் வெட்டிவிட வேண்டாம்.

* வட்டி வாங்கவில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தாயிற்று.