அசையாத கோடு

இப்போதெல்லாம் யாரைக் கேட்டாலும் டென்ஷன். பஸ் வரவில்லை என்றால் டென்ஷன், வந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்குமா என்று டென்ஷன். எதிர்வீட்டு நாய் ஒரு நாள் குரைக்கவில்லை, அதற்கும் டென்ஷனாம், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் காலத்தில் உடம்பு நடுங்கினால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்போம். இப்போது நடுங்குவதற்குக்கூட வகுப்பு எடுக்கிறார்கள், அதுவும் காசு வாங்கிக்கொண்டு.

அப்படி ஒரு வகுப்புக்குப் போய் வந்தவர்தான் எங்கள் முதலாளியின் மச்சினர். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது பையில் ஒரு கருவி இருந்தது.

நான் ரொட்டிக் கடையில் இருக்கிறேன். முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பட்டறை, மாடியில் முதலாளி வீடு. அடுப்பு என் பொறுப்பு. மாவு பிசைவது என் மருமகன். பெண்ணையும் கொடுத்து வேலையும் வாங்கிக் கொடுத்தவன் நான், அதனால் இரண்டு பக்கமும் பேச்சு எனக்குத்தான். மருமகனைக் குறை சொல்லக்கூடாது, தங்கமான மனிதர். ஆனால் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், உள்ளங்கை வியர்த்துக் கொட்டும். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நாற்காலியின் கைப்பிடி முழுக்க ஈரம். "என்னங்க, குடத்தைத் தூக்கிக்கிட்டா வந்தாரு?" என்று என் மனைவி என் காதைக் கடித்தாள். மாவு பிசையும்போது மட்டும் அந்தக் கை காய்ந்து கிடக்கும். மாவு கேள்வி கேட்பதில்லை அல்லவா.

எங்கள் ரொட்டி உப்புவதெல்லாம் ஒரு ஜாடியின் தயவு. முதலாளியின் அப்பா கரைத்து வைத்த புளித்த மாவு அதில் இருக்கிறது. தாய்மாவு என்போம். தினமும் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் சேர்த்துப் பிசைய வேண்டும். எடுத்த அளவுக்கு மாவும் தண்ணீரும் கலந்து திரும்ப ஊற்ற வேண்டும். அது உயிருள்ள சமாச்சாரம். குளிரில் தூங்கும், வெதுவெதுப்பில் பொங்கும், சூடு அதிகமானால் செத்துப்போகும். "எங்கப்பாவோட சொத்து" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முதலாளி பெருமை பேசுவார். மூடியைத் திறந்து அவர் பார்த்ததை மட்டும் நான் பார்த்ததில்லை.

அன்று காலை மருமகன் மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாமா, மாவு வெந்திருக்கு."

எட்டிப் பார்த்தேன். குமிழி ஒன்றுகூட இல்லை. ஓரமெல்லாம் பசையாகிக் கிடந்தது. சுவரொட்டி ஒட்டலாம், ரொட்டி சுட முடியாது. இருந்தாலும் சுட்டுப் பார்த்தோம். செருப்பு செருப்பாக வந்தது.

முதலாளி அதில் ஒன்றைக் கையில் எடுத்து மேசையில் தட்டினார். கதவு தட்டிய சத்தம்.

"எவனோ ஜாடியை அடுப்பு மேல வச்சு வேக வச்சிட்டு, சத்தமில்லாம திரும்ப மூலையில வச்சிருக்கான். சாயங்காலத்துக்குள்ள எவன்னு தெரியணும். அதுக்கப்புறம் அவன் இந்தத் தெருப் பக்கமே தலை வச்சுப் படுக்கக்கூடாது."

சொன்னது எல்லோருக்கும். பார்த்தது என் மருமகனை. ஜாடி அவர் பொறுப்பு. என் மகள் அப்போது மாசமாக இருந்தாள். மருமகனுக்குப் பிசைவதைத் தவிர வேறு தொழிலும் தெரியாது. வேலை போனால் மூன்று பேரும் என் வீட்டுக்குத்தான் வர வேண்டும். என் வீட்டில் இருப்பது ஒரு அறை.

அந்த நேரம் பார்த்து மச்சினர் பையைத் திறந்தார்.

"அத்தான், யாரையும் திட்ட வேணாம். உடம்பே சொல்லிடும்."

துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்று. அதிலிருந்து ஒரு வயர் செல்போனுக்குப் போனது. விரலில் மாட்டினால் திரையில் ஒரு கோடு ஓடுமாம். நெஞ்சு படபடத்தாலோ கை வியர்த்தாலோ கோடு துள்ளுமாம்.

"பயம் வந்தா மூளை உடம்புக்குத் தகவல் அனுப்பும். இதயம் வேகமா அடிக்கும். வேர்க்கும். வாய் காயும். வயித்தைப் பிசையும். புலியைப் பாத்தா ஒண்ணு சண்டை போடணும், இல்ல ஓடணும். அதுக்கு உடம்பு பண்ற ஏற்பாடு இது."

"புலி எங்கங்க இருக்கு இங்க?" என்று பொட்டலம் கட்டும் அம்மா கேட்டாள்.

"ஒரு உதாரணத்துக்கும்மா."

அந்த அம்மா ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தாள்.

முதல் விரல் அவளுடையதுதான். கோடு கொஞ்சம் குதித்தது. "எனக்கு எப்பவுமே இப்படித்தான். கேஸை அணைச்சேனா இல்லையான்னு காலையிலேருந்து ஓடிக்கிட்டிருக்கு" என்றாள். மச்சினர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்து மருமகன். கிளிப் விரலில் நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. துடைத்து மறுபடி மாட்டினார்கள். கோடு திரையை விட்டே வெளியே போய்விட்டது.

"பாத்தீங்களா அத்தான்!" என்று மச்சினர் கூவினார்.

"அவருக்கு எப்பவும் வேர்க்கும் முதலாளி. டீ குடிக்கிறியான்னு கேட்டாலே வேர்க்கும்" என்றேன்.

"பெரியவரே, மெஷின் பொய் சொல்லாது."

மனுஷன் செய்த மெஷின் பொய் சொல்லாதாம். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆனால் ஒரு யோசனை வந்தது. மருமகன் ரஸ்க் தின்பதில் சூரர். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், பேச்சை நிறுத்தாமல், கை நிறைய அள்ளித் தின்பார். உடைந்த ரஸ்க்குக்கு எங்கள் பட்டறையில் அவர்தான் குப்பைத்தொட்டி.

"பயந்தவனுக்கு வாய் காயும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ வெறும் ரஸ்க்கைக் கொடுங்க. முழுங்க முடியாதவன்தான் ஆளு. வயரும் வேணாம் கியரும் வேணாம்."

முதலாளிக்கு இது பிடித்திருந்தது. ரஸ்க் அவர் கடைச் சரக்கு, மின்சாரச் செலவும் இல்லை.

மருமகன் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கன்னம் இரண்டும் உப்பின, கண் பிதுங்கியது. ஒரு இருமல் வந்தது பாருங்கள், பொடிப்பொடியாக முதலாளியின் சட்டை மேலேயே போய் உட்கார்ந்தது. என் புத்திசாலித்தனத்துக்குக் கிடைத்த பரிசு.

"என்ன மாப்பிள்ளை, தினமும் அள்ளி அள்ளித் தின்பீங்களே!" என்று பல்லைக் கடித்தேன்.

"அப்போ யாரும் பாக்கல மாமா."

"இதெல்லாம் ஒரு ரஸ்க்கா?" என்று சொல்லிவிட்டு நானே ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்று நின்று சூட்டுக்குப் பழகிய வாய் என்னுடையது. அது காய்வதற்கு அந்த நேரத்தைப் பார்த்து வைத்திருந்தது. மரத்தூளை மென்ற மாதிரி இருந்தது. நாக்கு அதைத் தள்ளிப் பார்த்தது, தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது. நெஞ்சு வேறு காதுக்குள் வந்து அடித்தது.

"பெரியவரே..." முதலாளியின் குரல் மாறியது. "நீங்களா?"

"மாமனாரும் மருமகனும் கூட்டு அத்தான்" என்றார் மச்சினர்.

கை ஓங்கு என்றது. கால் ஓடு என்றது. சம்பளம் சும்மா இரு என்றது. சம்பளம் சொன்னதைத்தான் கேட்டேன். வாசலை அடைத்துக்கொண்டு முதலாளி நின்றார் என்பதும் ஒரு காரணம். ரஸ்க்கைக் கையில் துப்பிவிட்டுச் சொன்னேன்:

"ஒரு தடவை நீங்களும் மாட்டிக்குங்க முதலாளி. எங்களுக்கும் ஒரு திருப்தி."

அவர் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார். கோடு ஓடியது. புதிதாகப் போட்ட தார் ரோடு மாதிரி, மேடு பள்ளம் கிடையாது. இன்னொரு கையால் ரஸ்க்கை எடுத்துக் கடித்தார், மென்றார், விழுங்கினார். "உப்பு கம்மி" என்று சொல்லி இன்னொன்றும் எடுத்தார்.

"இதுதான் சுத்தமான மனசு" என்றார் மச்சினர், பக்தியோடு.

அப்போது மாடியிலிருந்து முதலாளியம்மா இறங்கி வந்தார்.

"ஏங்க, என் நீலத் துண்டு எங்க? நேத்து சாயங்காலம் அந்த ஜாடியைச் சுத்தி அடுப்பு மேல வச்சீங்களே, அங்கேயே விட்டுட்டீங்களா?"

நாங்கள் யாரும் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்தோம். கிளிப் இன்னும் அவர் விரலில்தான் இருந்தது.

கோடு அசையவில்லை.

"அதுவா?" என்றார், வாயில் ரஸ்க்கோடு. "குளிருதேன்னு கொஞ்ச நேரம் சூடு காட்டினேன். சாப்பிட்டு வந்ததும் எடுத்து மூலையில வச்சிட்டேனே. நம்ம மச்சான்தானே சொன்னாரு, சூட்டுல நல்லாப் பெருகும்னு?"

இப்போது மச்சினரின் செல்போன் நடுங்கியது. திரை மட்டுமில்லை, செல்போன், அதைப் பிடித்த கை, தோள் எல்லாம்.

"அவருக்கு ஒரு தடவை மாட்டிப் பாக்கலாமே" என்றாள் பொட்டலம் கட்டும் அம்மா.

"சார்ஜ் இல்லம்மா" என்று சொல்லி அவர் வயரைச் சுருட்டினார்.

முதலாளி மன்னிப்புக் கேட்டார் என்று நினைத்தால் நீங்கள் எங்கும் வேலை பார்த்தவர் இல்லை. "நல்லது நினைச்சு செஞ்சேன். அடுப்பு அவ்வளவு சூடா இருக்கும்னு ஒருத்தராவது சொல்லியிருக்கணும்" என்றார். எரிகிற அடுப்பு சூடாக இருக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லாதது எங்கள் குற்றம்தான். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பிசைகிற தொட்டியின் இடுக்கில் ஒட்டிக் காய்ந்திருந்த, தாய்மாவு கலந்த பழைய மாவைச் சுரண்டி மருமகன் வெந்நீர் படாமல் கரைத்து வைத்தார். உயிர் வந்தாலும் வரும். அப்போது அவர் கை காய்ந்திருந்தது.

இதோடு விட்டார்களா? வேலை முடிகிற நேரத்தில் மச்சினர் திரும்ப வந்தார். "கோடு குதிச்சவங்க எல்லாரும் வாங்க. பயத்தைக் குறைக்க மூச்சுப் பயிற்சி. அத்தானுக்குத் தேவையில்ல, அவருக்கு உடம்பு ஆரோக்கியமா இருக்கு."

யாருக்கு யார் புலி என்று அந்தக் கருவிக்குத் தெரியவில்லை. புலிக்கு எதற்கு வியர்க்கப் போகிறது? அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு வகுப்பு வைப்பார்.

"நீங்களும் வாங்க பெரியவரே. மூச்சை நல்லா உள்ள இழுங்க."

"இத்தனை வருஷமா அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டேன்.

மருமகன் வாசல்வரை வந்தார். "மாமா, உங்களுக்கும் வாய் காஞ்சிடுச்சே. பயந்துட்டீங்களா?"

"பயமா? அந்த ரஸ்க் ரெண்டு தடவை சுட்டது போதாதுன்னு மூணாவது தடவையும் சுட்டிருக்காங்க. பல்லு உடையாம தப்பிச்சேன்."

"சுட்டது நீங்கதானே மாமா?"

"போய் மூச்சை இழுங்க மாப்பிள்ளை."

பின்னால் மச்சினரின் குரல் கேட்டது: "இழுங்க... விடுங்க... இழுங்க..." நான் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினேன். முழங்கால் லேசாக ஆடியது. அந்தப் படி ரொம்ப நாளாகவே சரியில்லை, யாரும் கவனிப்பதில்லை.